நான் கழுவாத பாத்திரங்கள்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டில் ஒன்று அக்காவின் மகள், இன்னொன்று என் தம்பி. அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது நான்தான். அதனால் அவனையும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். அவன் அப்படி வைத்திருக்கிறானா என்று தெரியாது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரக்காரர் வேறு எதையாவது வாசிக்கலாம், இந்த நாட்டில் வாசிப்பதற்குக் குறைவில்லை; வீட்டுக் கதவுக்குள் மட்டும் வாரத்துக்கு ஒரு கட்டு விளம்பரம் வந்து விழுகிறது.

என் மூத்த மகன், நான் இருக்கிற தீவுக்கு ஆற்றுக்கு மறுகரையில், லவாலில் வீடு வாங்கியிருக்கிறான். துறைமுகத்திலிருந்து கொண்டெயினர் லொறி ஓட்டுகிறான். மருமகளுக்குக் குழந்தைகளைப் பார்க்கிற கார்டெரியில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், பதினெட்டு வயது. லவாலிலிருந்து தீவின் அந்தத் தொங்கலில் இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் படிக்கப் போனாள். இங்கே பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு வருடம் கொலிஜ்; பக்கத்தில் கொலிஜ் இல்லாமல் இல்லை. அதுதான் நல்லது என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகவே பிள்ளை இரண்டு வருடம் மெட்ரோவிலும் பஸ்ஸிலும் வளர்ந்தாள்.

அதுவும் போதவில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போட வேண்டும் என்றார்கள். அதற்கென்று அமெரிக்காக்காரர் ஒரு சோதினை வைக்கிறார்கள். பிள்ளை எழுதினாள். ஏறக்குறைய முழுப் புள்ளி. மருமகள் அந்தக் கிழமை கோயிலுக்கு மூன்று தரம் போனாள். சாமியிடம் ஒரு தரமும் சனத்திடம் இரண்டு தரமும் சொன்னாள். பிறகுதான் தெரிய வந்தது, புள்ளி மட்டும் பார்க்க மாட்டார்களாம். பிள்ளையை முழுசாகப் பார்ப்பார்களாம்.

முழுசாகப் பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் ஐந்து வீட்டுக்காரர் வந்து என்னை முழுசாகப் பார்த்தார்கள். சாதகம் பொருந்தியிருக்கும். பொருந்தாவிட்டால் வரமாட்டார்களே. பிறகு நிறத்தைப் பார்ப்பார்கள். பல்லைப் பார்ப்பார்கள். அறைக்குள் படுத்திருக்கிற அம்மாவை எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் பயற்றம் பணியாரத்தைத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போவார்கள். ஏன் வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அமெரிக்காவில் இதைப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பணியாரமும் கிடையாது.

இரண்டு பேரிடம் நற்சான்று வாங்கி அனுப்பச் சொன்னார்கள். வகுப்பில் படிப்பித்தவர்கள் எழுத வேண்டும். என் மகன், ஊரில் எதற்கும் நற்சான்று வாங்கியே பழகிய தகப்பனின் மகன். பதினொரு பேரிடம் வாங்கினான். கோயில் தலைவர், பழைய மாணவர் சங்கத் தலைவர், ஒரு பல் வைத்தியர், சமாதான நீதவானாக இருந்து இளைப்பாறிய ஒருவர். பதினொன்றிலும் முத்திரை குத்தியிருந்தது. பதினொன்றிலும், இவரை எனக்குச் சிறு பிராயம் முதல் தெரியும், இவர் எனக்கு உறவினர் அல்லர் என்று எழுதியிருந்தது. பல் வைத்தியர் என் இரண்டாவது மகன், பிள்ளையின் சொந்தச் சித்தப்பா.

இதையெல்லாம் பார்த்துச் சரி செய்து தருவதற்கு ஓர் ஆலோசகரைப் பிடித்தார்கள். சென்னைக்காரர். லவாலில் ஒரு கடைத்தொகுதிக்கு மேல்மாடியில் அலுவலகம். பதினொரு கடிதங்களையும் இரண்டு விரலால் தூக்கி மேசையின் மற்றக் கரையில் வைத்தார். என்னையும் கூட்டி வரச் சொன்னாராம். ஏன் என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது.

"ஸ்கோர் பிரமாதம் சார். ஆனா ஸ்கோர் எல்லார்கிட்டயும் இருக்கு" என்றார். "நம்ம பசங்க பத்து பேரோட அப்ளிகேஷனைக் கலைச்சுப் போட்டா, எது யாரோடதுன்னு பெத்த அம்மாவுக்கே தெரியாது."

பிள்ளை செய்தவற்றை எல்லாம் மருமகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்திருந்தாள். அவர் பேனாவை எடுத்தார். வயலின், வெட்டு. கணக்குப் போட்டி, வெட்டு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டி, வெட்டு. பேனா பரதநாட்டியத்தில் வந்து நின்றபோது மருமகள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"சேர், இவ அரங்கேற்றம் செய்தவ. ஹோல் நிறைஞ்ச சனம்."

"அதான் மேடம் பிரச்சினை. எல்லாருமே பண்ணிட்டாங்க."

வெட்டு. பத்து வருடமாகக் குளிரிலும் பனியிலும் பிள்ளையை நடன வகுப்புக்கு ஏற்றி இறக்கியவள் மருமகள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எனக்கும் அவளுக்கும் அவ்வளவு ஒத்து வராது என்பது வேறு கதை.

மகன் தொண்டையைச் செருமினான். "இந்த இன விசயம் என்ன மாதிரி? ஏசியன் எண்டு போட்டால் கூட மார்க்ஸ் கேப்பினமாமே."

"அது பழசு சார். இனத்தைப் பாத்து சீட் குடுக்கக் கூடாதுன்னு அவங்க கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆனா இனத்தால தன் வாழ்க்கையில என்ன நடந்துச்சுன்னு பொண்ணு கட்டுரைல எழுதினா, படிக்கலாம்."

"அப்ப பாக்கினமோ, பாக்கேல்லையோ?"

"பாக்க மாட்டாங்க. தெரிஞ்சுக்குவாங்க."

மகன் விளங்கியவன் போலத் தலையாட்டினான். ஆலோசகர் என் பக்கம் திரும்பினார்.

"பாட்டி, நீங்கதான் எங்களுக்கு வேணும்."

எங்களில் அப்பாவின் அம்மா அப்பம்மா. பாட்டி என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பொறுத்துக்கொண்டேன்.

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாம் வகுப்பு."

"சூப்பர்" என்றார். நான் படிக்காமல் விட்டதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஒரு மனிதரை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

"இங்க எப்படி வந்தீங்க? கப்பல்லயா?"

"பிளேனிலை. அவர் முன்னுக்கு வந்து கூப்பிட்டவர். மூண்டு பிள்ளையளோடையும் வந்தனான். பிளேனிலை சாப்பாடும் தந்தவங்கள்."

சாப்பாடு அவருக்குப் பிடிக்கவில்லை. "வந்து என்ன வேலை? ஹோட்டல்ல பாத்திரம் கழுவினீங்களா?"

"இல்லை. கோட்டுக்கு உள்சீலை தைச்சனான். ஷபனெல் தெருவிலை. நாலாம் வருசத்திலையிருந்து எனக்குக் கீழை ஒன்பது பேர்."

"ஒன்பது பேரு வேணாம் பாட்டி" என்றார் அன்பாக.

திரும்பி வருகிற வழியில் காரில் மருமகள் சொன்னாள்: "மாமி, பாத்திரம் எண்டால் நல்லாயிருக்கும். கோட்டு எண்டால் அவையளுக்கு விளங்காது."

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள என் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அனுப்புவதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. கட்டுரை ஆயத்தம். அது இல்லாமல் விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டார்களாம். சாப்பிட்ட பிறகு பிள்ளை அதை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். அவள் எழுதியது பாதி, ஆலோசகர் திருத்தியது பாதி.

அதில் ஒரு கிழவி வருகிறாள். பனிக்குளிரில் விறைத்த கையோடு ஓர் உணவகத்தின் பின்பக்கம் நின்று பாத்திரம் கழுவுகிறாள். கழுவுகிற ஒவ்வொரு தட்டிலும் தன் படிக்காத வாழ்க்கையைக் காண்கிறாள். பேத்தியின் புத்தகத்தைத் தடவிப் பார்த்து அழுகிறாள்.

"தட்டிலை எப்பிடிப் பிள்ளை வாழ்க்கை தெரியும்?" என்று கேட்டேன். "வடிவாய்க் கழுவியிருந்தால் முகம் தெரிஞ்சிருக்கும்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்லுப் போல இருக்கிறேன், அவள் அந்தக் கிழவிக்காக அழுகிறாள். இருபது வருடத்தில் எனக்காக அவள் கண் கலங்கியது அதுதான் முதல் தரம். அதுவும் நான் இல்லை.

பிள்ளை தாளை மேசையில் வைத்தாள். "அப்பா, நான் இதை அனுப்பேலாது. இது பொய். பட் என்னட்டை வேற ஸ்டோரி இல்லை. எனக்கு ஒண்டுமே நடக்கேல்லை. அதுதான் பிரச்சினை."

"உனக்கு ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதானே நான் லொறி ஓடுறன்" என்றான் மகன். "பேசாமல் அனுப்பு. உன்ர சிநேகிதி அந்த ஹெயிட்டிப் பிள்ளையும் அங்கைதான் போடுறாள் எண்டனி. உன்னை விடக் குறைஞ்ச மார்க்ஸ். கறுப்புப் பிள்ளை எண்டு அவளுக்குக் குடுப்பினம், பார்த்துக்கொண்டிரு. எங்கட இடத்தைத்தான் எடுத்துக் குடுப்பினம்."

"அவள் கிளாஸ் முடிஞ்சு மூலையிலை இருக்கிற தெப்பனேர் கடையிலை வேலை செய்து, ரெண்டு தம்பிமாரையும் பார்த்துக்கொண்டு எடுத்த மார்க்ஸ் அது. எனக்கு நீங்கள் மூண்டு ரியூசன் வைச்சனீங்கள்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? மார்க்ஸ் எண்டால் மார்க்ஸ். ஊரிலையும் இப்பிடித்தான் எங்கட இடத்தைப் பறிச்சவங்கள். மாமாவைக் கேட்டுப் பார்."

மாமா என்றது என் தம்பியை. இந்த வளர்த்த பிள்ளை இப்போது லண்டனில் இளைப்பாறிய பொறியியலாளன். எங்கள் குடும்பத்தில் தம்பியின் கதை ஒரு புராணம். அந்த நாளில் அரசாங்கம் தரப்படுத்தல் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. தமிழில் சோதினை எழுதுகிற பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகக் கூடப் புள்ளி எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். பிறகு அதை மாற்றி, மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் புள்ளி எடுக்கிறவர்கள் அதிகம், இடம் குறைவு. தம்பிக்குக் கொஞ்சத்தில் தவறியது. அது உண்மை. அநியாயம் என்பதும் உண்மை. 

லண்டனில் பழைய மாணவர் விருந்தில் தம்பி வருடாவருடம் இதைப் பற்றிப் பேசுகிறான். அதைப் படம் பிடித்து எனக்கும் அனுப்புவார்கள். சனம் கண் கலங்கும், பிறகு எழும்பிக் கோழிப் பொரியல் எடுக்கப் போகும். பேச்சு எப்போதும் அந்த முதல் தரத்தோடு முடிந்துவிடும். இடம் கிடைக்காத பெடியன் எப்படிப் பொறியியலாளன் ஆனான் என்று கோழி எடுக்கப் போனவர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மகன் 'எங்கட இடம்' என்று சொன்னது எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. ஏன் அன்று குத்த வேண்டும் என்று தெரியவில்லை. எத்தனையோ தரம் கேட்ட சொல்.

"மாமா ரெண்டாந்தரம் எங்கை சோதினை எழுதினவன் எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"யாழ்ப்பாணத்திலைதான்."

"மன்னாரிலை."

மகன் கையில் இருந்த பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தான். நான் சொல்லத் தொடங்கினேன். அதுவரை என் பிள்ளைகள் ஒருவருக்கும் சொல்லாதது.

மன்னாரைப் பின்தங்கிய மாவட்டம் என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் குறைவு, வாத்திமார் குறைவு. அதனால் அங்கிருந்து சோதினை எழுதுகிற பிள்ளை குறைந்த புள்ளியோடு பல்கலைக்கழகம் போகலாம். இதைக் கேள்விப்பட்டதும் யாழ்ப்பாணத்தில் கொஞ்சத் தகப்பன்மாருக்கு மன்னாரில் திடீரென்று பாசம் வந்தது. எங்கள் அப்பாவுக்கும் வந்தது. ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார். இவர்கள் இவ்வூரவர்கள் என்று அவ்வூர் அதிகாரியான விதானையாரிடம் கடிதம் எடுத்தார். தம்பியை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அந்த வருடம் அந்த வகுப்பில் தம்பியோடு ஏழெட்டு யாழ்ப்பாணத்துப் பெடியள் மன்னார்க்காரர் ஆனார்கள். அம்மாவைப் பார்க்க அக்கா தாய்வீட்டுக்கு வந்து நின்றாள். தம்பிக்குச் சமைக்க என்னை அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபது வயது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அரை வருடமாக இரசாயனம் படிப்பிக்க ஆள் இல்லை. தம்பிக்குக் கவலை இல்லை. யாழ்ப்பாணத்து ரியூசன் கொப்பிகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தான். இது வகுப்பில் தெரிந்துவிட்டது. ஒரு பின்னேரம் அந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். கொப்பியை ஒரு நாளைக்குத் தந்தால் பார்த்து எழுதிவிட்டுத் தருகிறோம் என்றார்கள். கொப்பியை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நான் வாசலில் நின்று, தம்பி வீட்டில் இல்லை என்றேன். தம்பி அறைக்குள் இருந்தான். அவன் செருப்பு வாசலில் கிடந்தது.

அடுத்த கிழமையும் வந்தார்கள். தம்பி வீட்டில் இல்லை. செருப்பு வாசலில்.

மூன்றாம் தரம் வந்தபோது ஒரு பை மீன் கொண்டு வந்தார்கள். தம்பி இல்லை என்று சொன்னேன். மீனை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் குழம்பு வைத்தேன். தம்பி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அடுத்த வருடம் மன்னார் மாவட்டத்துக்கு உரிய இடத்தில் தம்பி பொறியியல் படிக்கப் போனான். எங்கள் ஊரில் வெடி கொளுத்தினார்கள். மன்னாரில் கொளுத்தினார்களா என்று எனக்குத் தெரியாது.

சொல்லி முடித்தேன். மருமகளுக்கு இந்தத் தரம் கண்ணீர் வரவில்லை.

"அந்த நேரம் எல்லாரும் செய்ததுதானேயம்மா" என்றான் மகன்.

"ஓம். அதைத்தான் சொல்லுறன். எல்லாரும் செய்தது."

பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பம்மா, நான் இதை எழுதலாமோ?"

"என்னெண்டு?" என்று மகன் பாய்ந்தான். "எங்கட குடும்பம் கள்ளர் எண்டோ? அதுக்கு அங்கை ஸ்கொலர்ஷிப்பும் தருவினம்."

"எழுது" என்றேன். "ஆனால் ரெண்டு நாள் பொறு. எனக்குக் கீழ் வீட்டிலை ஒருக்கால் கதைக்க வேணும்."

கீழ் வீட்டுக்காரி மன்னாரைச் சேர்ந்தவள். வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஷபனெல் தெருவில் பத்தொன்பது வருடம் என் பக்கத்து மெஷினில் இருந்தாள். இந்தக் கட்டடத்தில் வீடு காலியாக இருக்கிறது என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். என்னை அக்கா என்பாள். இரண்டு வயது இளையவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் அண்ணரைப் பற்றிச் சொன்னாள். நல்ல கெட்டிக்காரனாம். அந்த வருடங்களில் இரண்டு தரம் சோதினை எழுதியும் இடம் கிடைக்கவில்லையாம். மன்னாருக்கு என்று வந்த பெயர்களில் பாதிப் பெயர் மன்னாரில் ஒருவருக்கும் தெரியாத பெயராம். பிறகு அவர் தகப்பனின் வள்ளத்தில் போய், பிறகு சவூதிக்குப் போய், அங்கேயே செத்துப் போனாராம். நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த இரண்டு வடையில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனை வருடம். ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை படி இறங்கிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்கவில்லை.

"எந்த வருசம்?"

சொன்னேன்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னேன்.

"அண்ணரும் அங்கைதான் படிச்சவர்." கொஞ்ச நேரம் வெட்டினாள். "வந்த மூண்டு பேரிலை ஒரு ஆள் நல்ல உயரமோ?"

"எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதையுங்கோ அக்கா."

"மெய்யாய்த்தான். நான் முகத்தைப் பார்க்கேல்லை. தம்பியின்ர செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

"என்ன மீன்?"

"ஒட்டி."

"ஒட்டி எண்டால் அப்பா பிடிக்கிறது" என்றாள். பிறகு தானே, "அங்கை எல்லாரும் பிடிக்கிறதுதான்" என்றாள்.

நான் மேசையில் விழுந்து கிடந்த மரக்கறித் தோலைக் கூட்டி அள்ளினேன். 

"ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறியள். உங்கட தம்பிதான் அண்ணரின்ர இடத்தை எடுத்தவர் எண்டு சொல்லேலாது" என்றாள். "எடுக்கேல்லை எண்டும் சொல்லேலாது."

"பிள்ளை எழுதப் போறாள். உமக்கு விருப்பமில்லை எண்டால் வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"எழுதட்டும். ஆனால் அண்ணரைப் பாவம் எண்டு எழுத வேண்டாம். இரசாயனத்துக்கு ஆள் இல்லாமலும் அவர் கணக்கிலை எங்கட பள்ளிக்கூடத்திலை முதலாம் ஆள்." வெட்டியதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள். "நீங்கள் போங்கோ அக்கா. எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு."

அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

பிள்ளை எழுதினாள். அண்ணரைப் பாவம் என்று எழுதவில்லை, என்னையும் பாவம் என்று எழுதவில்லை. தனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றும், நடக்காமல் இருந்ததற்கு யார் யார் வாசலில் நின்றார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் முடித்தாளாம். ஆலோசகர் வாசித்துவிட்டு மருமகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "மேடம், கஷ்டப்பட்ட கதை கேட்டா, கஷ்டப்படுத்தின கதையை எழுதியிருக்கா. இதை எந்தப் பொண்ணும் அனுப்ப மாட்டா." இந்தப் பெண் அனுப்பினாள்.

பங்குனியில் மறுமொழி வந்தது. இல்லை. மிகத் திறமையான பிள்ளைகள் மிக அதிகமாக விண்ணப்பித்திருந்தார்களாம். பிள்ளை இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதை நான் பகிடியாக எழுத மாட்டேன்.

மற்றவர்களைப் பற்றி எழுதலாம். மருமகள் பரதநாட்டியத்தை வெட்டியதால்தான் என்றாள். ஆலோசகர், இனத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன அதே வாயால், ஏசியன் என்பதால்தான் என்றார். மகன் என் மன்னார்க் கதைதான் காரணம் என்றான். அந்த ஹெயிட்டிப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்கும் இல்லை என்று வந்தது. 

ஆலோசகரிடம் போன இன்னொரு பெடியனுக்குக் கிடைத்தது. அவனுடைய கட்டுரையிலும் ஒரு அப்பம்மா உணவகத்தில் பாத்திரம் கழுவினாளாம். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு இரண்டு நகைக்கடை. ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, "உங்களையும் பாத்திரம் கழுவ விட்டிட்டாங்களாமே" என்றேன். "அதையேன் கேக்கிறியள், ஊரிலை தேத்தண்ணிக் கோப்பையும் நான் கழுவினதில்லை" என்றார். அவருக்குப் பேரனில் கோபம் இல்லை. இடம் கிடைத்துவிட்டதே.

தம்பியின் காலத்தில் அநியாயம் செய்தவர்கள் அதை இலக்கத்தில் எழுதி ஒட்டினார்கள். இத்தனை புள்ளி உனக்கு, இத்தனை அவனுக்கு. பார்த்து ஆத்திரப்பட ஓர் இடம் இருந்தது. ஏய்த்துவிட்டு மன்னாருக்குப் போகவும் ஒரு வழி இருந்தது. இங்கே பிள்ளையை முழுசாகப் பார்த்தவர்கள் எதைக் கண்டார்கள் என்று சொல்லவில்லை. புள்ளியை மட்டும் பார் என்று சொன்னால், கொப்பிப் பெட்டியோடு போன என் தம்பி நியாயமான ஆள் ஆகிவிடுகிறான். ஆளைப் பார் என்று சொன்னால் நகைக்கடைக்காரி பாத்திரம் கழுவுகிறாள். இதற்கு நடுவில் ஏதாவது இருந்தால் படித்தவர்கள் கண்டுபிடிக்கட்டும். நான் ஐந்தாம் வகுப்பு.

பிள்ளை இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலேயே, இங்கேயுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் விவசாயப் பக்கத்தில் படிக்கப் போகிறாள். புள்ளியைப் பார்த்து எடுத்தார்கள். மருமகள் கேட்கிறவர்களுக்கு 'சயன்ஸ்' என்று மட்டும் சொல்கிறாள். மண்ணையும் புழுவையும் பற்றிப் பிள்ளை சொல்லும்போது அவள் முகம் வெளிக்கிறது. எனக்கு அது போதும். மகனுக்குப் போதாது.

கீழ் வீட்டுக்காரி மார்கழியிலிருந்து மேலே வரவில்லை. படியில் கண்டால் சுகம் கேட்பாள், அவ்வளவுதான். மறுமொழி வந்து ஒரு கிழமைக்குப் பிறகு கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

"பிள்ளைக்குக் கிடைக்கேல்லையாமே."

"ஓம்."

"அண்ணருக்கும் அப்பிடித்தான்" என்றாள். அது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு கேட்டாள்: "அவ என்ன எழுதினவ? எனக்கு ஒருக்கால் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ."

அது ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளை அதைத் தமிழில் சொன்னால் பாதி வழியில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவாள். அதுவுமல்லாமல், அந்த வாசலில் நின்றது அவள் இல்லை, நான். நான் எழுதித் தருகிறேன் என்றேன். கீழ் வீட்டுக்காரி என் படிப்பைத் தெரிந்தவள். "எவ்வளவு காலம் செல்லும்?" என்று கேட்டாள். ஒன்றரை மாதம் சென்றது.

இன்றைக்கு அவள் வந்து குசினிக் கதிரையில் இருக்கிறாள். வைகாசியிலும் போட்டு வந்த கோட்டைக் கழற்றவில்லை. என் எழுத்தை அவளுக்கு வாசிக்க ஏலாது, கண்ணில் சத்திர சிகிச்சை செய்திருக்கிறது. எனக்கு வாசிக்கக் குரல் வராது. பிள்ளை, இஞ்சை வா, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை நீ எடுத்த கப்புகள் இதுக்காவது உதவட்டும். முதலிலையிருந்து வாசி. எழுத்துப் பிழையைத் திருத்தாமல், நான் எழுதினபடி வாசி. கீழ் வீட்டு மாமி நிப்பாட்டச் சொன்னால் மட்டும் நிப்பாட்டு.